எழுபத்திரண்டு மூடிகள்

அந்த நாற்காலி வேண்டாம் சார். அதில் ஆசிட் பட்டிருக்கிறது. காய்ந்துதான் போயிருக்கிறது, ஆனாலும் வேண்டாம். மேனேஜர் சார் ஒரு நாள் உட்கார்ந்து எழுந்தார், இரண்டு நாள் கழித்து அவர் பேன்ட் பின்பக்கம் சல்லடையாகிவிட்டது. இந்த ஸ்டூலில் உட்காருங்கள். துடைத்து வைத்திருக்கிறேன். பேட்டரி கம்பெனியிலிருந்து இன்ஜினியர் வருகிறார் என்று சொன்னதுமே துடைத்தேன். துடைத்த பிறகு படகுக்கார சேது வந்து அதன்மேல் காலைத் தூக்கி வைத்துச் செருப்பு வார் மாட்டினான். மறுபடி துடைத்தேன்.

கதவைத் திறந்தே வைக்கிறேன். நாற்றம் அப்படி. அழுகிய முட்டை நாற்றம் பேட்டரியுடையது, அது உங்களுக்குப் பழக்கமாக இருக்கும். அதோடு கலந்து வருகிறதே புளித்த மாதிரி ஒன்று, அது மனிதர்களுடையது. அந்த மூலையைப் பார்க்காதீர்கள். துப்புகிற இடம். "இங்கே துப்பாதீர்கள்" என்று நான்தான் தாளில் எழுதி ஒட்டினேன். தாளின்மேலேயே துப்பினார்கள்.

என் பெயர் கோகிலவாணி. பி.எஸ்ஸி. பிசிக்ஸ். டிக்கெட் கவுண்டரும் நான்தான், இந்த சார்ஜ் ரூம் ரிஜிஸ்டரும் நான்தான். நான் அதிகம் பேச மாட்டேன் சார். கல்லூரியில் மூன்று வருஷம் கடைசி பெஞ்ச். வைவாவில் பதில் தெரிந்தும் வாய் வராமல் மார்க் போனது. ஆனால் பார்ப்பேன். எல்லாவற்றையும் பார்ப்பேன். பார்த்ததைத் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வைப்பேன். அதனால் இங்கே எனக்கு சிஐடி என்று பெயர். "டேய், சிஐடி வருது, வாயத் தொடைடா" என்பான் சேது. துடைக்க மாட்டான்.

இன்றைக்கு உங்களிடம் பேசுகிறேன் என்றால், பேசச் சொல்லி மேனேஜர் சாரே சொல்லியிருக்கிறார். அதை அப்புறம் சொல்கிறேன். வரிசையாகச் சொன்னால்தான் புரியும்.

இந்த முள்ளிக்குடா உப்பங்கழியில் டீசல் படகு ஓடக்கூடாது என்று மூன்று வருஷத்துக்கு முன்னால் உத்தரவு வந்தது, பறவைகளுக்காக. அப்போதுதான் காண்டிராக்ட் எடுத்த முதலாளி மூன்று பேட்டரி படகு வாங்கினார். அவர் சென்னையில் இருக்கிறார், நான் பார்த்ததே இல்லை. ஒரு படகுக்கு நான்கு பேட்டரி, மொத்தம் பன்னிரண்டு. டீப் சைக்கிள். உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் இங்கே இருப்பவர்களுக்குச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் அதற்குப் பழகிவிட்டது. அதாவது, மனசுக்குள் சொல்லிச் சொல்லி. கார் பேட்டரி ஒரு உதறலில் வண்டியைக் கிளப்பிவிட்டு ஓய்ந்துவிடும். இது அப்படி இல்லை, நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அதனால் பாதிக்குக் கீழே இறங்க விடக்கூடாது. சாயங்காலம் சார்ஜில் போட்டால் முழுசாக ஏற விட வேண்டும். தண்ணீர் குறைந்தால் டிஸ்டில்ட் வாட்டர் மட்டும், அதுவும் சார்ஜ் ஏறிய பிறகு. கிளிப்பைக் கழற்றுவதற்கு முன்னால் சுவிட்சை அணைக்க வேண்டும். சார்ஜ் ஏறும்போது வாயு வரும், அதனால் பக்கத்தில் நெருப்பு கூடாது. இவ்வளவுதான். உங்கள் கம்பெனி கையேட்டில் பதினெட்டு பக்கத்தில் இருக்கிறது. நான் மூன்று தடவை படித்திருக்கிறேன். இப்போது பதினாறு பக்கம்தான் இருக்கிறது. இரண்டு பக்கத்தைக் கிழித்து மேனேஜர் சார் வடையில் எண்ணெய் பிழிந்தார்.

கலியமூர்த்தி என்று பெயர் அவருக்கு. பேட்டரியில் தண்ணீர் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பார் தெரியுமா? மூடியைத் திறந்து விரலை விடுவார். சுண்டு விரலை. விட்டு, எடுத்து, திரைச்சீலையில் துடைப்பார். அந்தத் திரை ஒரு காலத்தில் நீலம். பிறகு அதே கையோடு கவுண்டருக்கு வந்து, "ஏம்மா வாணி, அந்தக் கடலைய இப்படித் தள்ளு" என்பார். நான் டப்பாவோடு தள்ளிவிடுவேன். அதற்கப்புறம் அந்தக் கடலையை யார் தின்பது?

டிஸ்டில்ட் வாட்டர் கேன் மாசம் நான்கு வரும். அதில் கை கழுவுவார்கள் சார். போர் தண்ணீர் உப்பாம், சோப்பு நுரைக்காதாம், அதனால் மீன் குழம்பு சாப்பிட்ட கையை டிஸ்டில்ட் வாட்டரில். பேட்டரிக்கு? பேட்டரிக்கு அந்த உப்பு போர் தண்ணீர். ஜூலை பன்னிரண்டு, ஜூலை பத்தொன்பது, ஆகஸ்ட் மூன்று. எல்லாம் நோட்டில் இருக்கிறது. நான் அப்போதே சொல்லியிருப்பேன். என்னை யாரும் கேட்கவில்லை.

சேதுவும் ஒன்றாம் நம்பர் படகு ஓட்டுகிற இன்னொருவனும் படகு கழியின் நடுவில் நின்று போகிறவரைக்கும் ஓட்டுவார்கள். செத்துப் போன படகை மூங்கில் கம்பு ஊன்றித் தள்ளிக்கொண்டு வருவார்கள். குடும்பத்தோடு வந்தவர்கள் வெயிலில் உட்கார்ந்து திட்டுவார்கள். இவர்கள் சிரிப்பார்கள். "கரண்டு படகு சார், கரண்டு போச்சு" என்பார்கள்.

மூன்றாம் நம்பர் அஞ்சாப்புலியுடையது. அதோ, கதவு வழியாகப் பாருங்கள். பூவரச மரத்தடியில் கையில் கட்டோடு குந்தியிருக்கிறாரே, அவர்தான். இங்கிருந்து பத்துத் தப்படி இருக்குமா? அவர் காதில் விழாது, விபத்துக்கு அப்புறம் அந்தப் பக்கக் காது கொஞ்சம் மந்தம். பதினெட்டு நாளாக வேலை இல்லை. ஆனாலும் காலையில் வந்துவிடுவார். "நாமளே வரலன்னு எழுதிடக் கூடாதுல்ல" என்று சேதுவிடம் சொன்னதைக் கேட்டேன். சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்துவிட்டுப் போவார். நீங்கள் எழுதப் போகிற ரிப்போர்ட்டைப் பார்த்துத்தான் அவரைத் திரும்ப எடுப்பதா வேண்டாமா என்று முதலாளி சொல்வாராம். அதற்காகத்தான் இன்றைக்குச் சட்டையெல்லாம் துவைத்துப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார்.

நல்லவர்தான். நான் அவரைப் பற்றித் தப்பாகச் சொல்லவில்லை. ஆனால் ஆள் ரொம்ப அழுக்கு சார். முன்னால் மீன்பிடிப் படகில் இருந்தவர், அந்த வாடை இன்னும் போகவில்லை. காதில் எப்போதும் ஒரு பீடி செருகியிருக்கும். காலையில் வந்ததும் அவர் செய்கிற வேலையைக் கேளுங்கள். பேட்டரிமேல் காதை வைப்பார். குழந்தை வயிற்றில் காதை வைக்கிற மாதிரி. சார்ஜ் ஏறினதா என்று கேட்கிறாராம். "கொதி வந்துடுச்சு பாப்பா, நல்லா மூச்சு வுடுது" என்பார். அந்தக் காது, அந்தத் தலை எண்ணெய், எல்லாம் பேட்டரிமேல் வட்டமாக ஒட்டியிருக்கும். நான்தான் துணி போட்டுத் துடைப்பேன். சார்ஜ் அளக்கிற ஹைட்ரோமீட்டர் எதற்கு இருக்கிறது?

அதோடு சோம்பேறித்தனம் வேறு. மற்றவர்கள் நாளுக்கு எட்டு டிரிப் அடிப்பார்கள், இவர் ஐந்தோடு கட்டிவிடுவார். "போதும் பாப்பா, பாதிக்கு வந்துடுச்சு" என்று கரையில் கட்டிவிட்டுப் பீடி பிடிக்கப் போய்விடுவார். மேனேஜர் சார் கத்துவார், "ஏன்யா, ஒம் படகு மட்டும் மாசமா இருக்குதா, இந்தத் தாங்கு தாங்குற?" இவர் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பார். அதையும் எழுதி வைத்திருக்கிறேன். ஒரு பக்கம் சாய எனக்குத் தெரியாது.

மூன்றாம் நம்பர் ரீடிங் மட்டும் எப்போதும் நன்றாக இருக்கும், உண்மைதான். ரிஜிஸ்டரில் நீங்களே பார்க்கலாம். அந்தப் படகுக்கு நல்ல பேட்டரியாக வந்து அமைந்துவிட்டது என்று நினைக்கிறேன். சிலருக்கு அப்படி அமையும்.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன்.

ஆயுத பூஜை. இங்கே வருஷம் முழுக்கச் சுத்தம் என்ற பேச்சே கிடையாது, அன்றைக்கு ஒரு நாள்தான். மத்தியானத்தோடு டிக்கெட்டை நிறுத்திவிட்டோம். நான் சொந்தமாக ஆப்பச் சோடா வாங்கி வந்திருந்தேன், பழைய பல் தேய்க்கிற பிரஷ் இரண்டு கொண்டு வந்திருந்தேன். டெர்மினலில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்குமே, அதைச் சோடாத் தண்ணீர் விட்டுத் தேய்த்தேன். பொங்கிக்கொண்டு வந்தது. வந்ததை வழித்தேன். உவ்வே என்று இருந்தது, ஆனால் நிறுத்த மனசு வரவில்லை. மூன்று வருஷ அழுக்கு சார். திரைச்சீலையைக் கழற்றி எரித்தேன். துப்புகிற மூலையில் பிளீச்சிங் பவுடர் போட்டேன். பன்னிரண்டு பேட்டரியையும் ஈரத்துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் துடைத்து, காது வட்டத்தையெல்லாம் எடுத்து, வரிசையாக வைத்தோம். சேது பொரி வாங்கி வந்தான். சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, கற்பூரம் காட்டினோம். அப்புறம் வழக்கம்போல எல்லாவற்றையும் சார்ஜில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனோம்.

அன்றைக்கு நோட்டில் ஒரே ஒரு வரிதான் எழுதினேன். "இன்று எல்லாம் சுத்தம்."

மறுநாள் விஜயதசமி. நல்ல கூட்டம் வருகிற நாள். ஏழு மணிக்கே வந்துவிட்டேன். அஞ்சாப்புலி அதற்கும் முன்னால் வந்திருந்தார். மற்றவர்கள் தாமதமாக வருவார்கள், அவர்கள் பேட்டரிக்கும் இவர்தான் கிளிப் கழற்றுவார், யாரும் சொல்லாமலே. நான் ரீடிங் எடுக்க நோட்டோடு இந்த வாசற்படியில் நிற்கிறேன். இதே இடம். அவர் ஒன்றாம் நம்பர் பேட்டரிகளிடம் குனிந்தார். காதை வைக்கப் போனவர், வைக்காமல் நிமிர்ந்தார். "என்னா பாப்பா, இது சத்தத்தையே காணும்" என்றார். நான் உள்ளே நாற்றமே இல்லாமல் பிளீச்சிங் பவுடர் வாசனை வருகிறதே என்று சந்தோஷமாக நின்றுகொண்டிருந்தேன்.

கிளிப்பைப் பிடுங்கினார். சுவிட்சை அணைக்கவில்லை. சுவிட்ச் ஆடுகிறது என்று மேனேஜர் சார் அதை ஆனிலேயே வைத்து டேப் போட்டு ஒட்டியிருக்கிறார், பாருங்கள், அதனால் இங்கே யாரும் அணைப்பதில்லை. ஒரு பொறி. சின்னப் பொறி. அப்புறம் சத்தம்.

பட்டாசு வெடி மாதிரி இல்லை சார். பெரிய கதவை யாரோ முகத்தில் அறைந்து சாத்துகிற மாதிரி. பேட்டரியின் மேல்பாகம் பிளந்து மூடிகள் கூரையில் அடித்தன. அவர் கையால் முகத்தை மறைத்துவிட்டார், அதனால் கண் பிழைத்தது. முழங்கையிலிருந்து விரல் வரை, கழுத்து, இடது காது, எல்லாம் ஆசிட். கத்தவில்லை. "ஏ... ஏ..." என்று மூச்சு மட்டும்.

ஏராளமான தண்ணீர் ஊற்ற வேண்டும். கையேட்டில் பதினோராம் பக்கம். எனக்குத் தெரியும். அதற்குள் மேனேஜர் சார் ஓடி வந்து, "டேய், பேஸ்ட் எடுத்தாடா, பேஸ்ட் தடவு" என்று குதிக்கிறார். சேது எண்ணெய் பாட்டிலோடு ஓடி வருகிறான். எனக்கு வாய் வரவில்லை. பக்கத்தில் டிஸ்டில்ட் வாட்டர் கேன் இருந்தது, முழு கேன். அதைக் காலால் சேது பக்கமாகத் தள்ளினேன். அவன் புரிந்துகொண்டு அப்படியே தூக்கி அவர்மேல் கவிழ்த்தான். அடுத்ததையும் எடுத்துக் கவிழ்த்தான், மொத்தம் இரண்டு கேன். டாக்டர் பிறகு சொன்னாராம், அதனால்தான் கை மிஞ்சியது என்று. மேனேஜர் சார் என்ன சொன்னார் தெரியுமா? "ஏண்டா, மாசத்துக்கு நாலு கேன்தான் வரும், அதுல ரெண்ட ஊத்திட்டியே!" மனிதன் தோல் உரிந்து கிடக்கிறார் சார், இவர் கேனைச் சொல்கிறார். அன்றையிலிருந்து அவர் முகத்தைப் பார்த்தாலே எனக்குக் குமட்டுகிறது.

காதில் செருகிய பீடி? அங்கேயேதான் இருந்தது. பற்ற வைக்கவே இல்லை. தண்ணீர் ஊற்றியதில் ஊறி, காதோடு ஒட்டிக்கொண்டு, ஆட்டோவில் ஏற்றும்போதும் இருந்தது. நான் பார்த்தேன். எழுதி வைத்திருக்கிறேன். "பீடி பற்ற வைக்கவில்லை." நேரத்தோடு.

ஆமாம் சார், நீங்கள் கையில் வைத்திருக்கிற கடிதத்தில் அப்படி இல்லைதான். "படகு ஓட்டுநர் அஞ்சாப்புலி சார்ஜ் அறையினுள் பீடி பற்ற வைத்த காரணத்தினால்." தெரியும். முதலாளிக்குப் போன கடிதம் அது. மேனேஜர் சார் சொல்லச் சொல்ல எழுதியது. டேப் ஒட்டிய சுவிட்ச் வெளியே வரக்கூடாது அல்லவா, அதனால் பீடி. கீழே நான்கு கையெழுத்து. சேதுவுக்கு என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கக்கூட வரவில்லை. படித்துக் காட்டாமலேயே வாங்கினார்கள். எவ்வளவு கேவலம் பாருங்கள்.

கையெழுத்து அழகாக இருக்கிறதா? நன்றி சார். பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கியிருக்கிறேன். "ஏம்மா வாணி, ஒனக்குத்தான் எழுத்து முத்து முத்தா வரும்" என்று பேப்பரைத் தள்ளினார். அவர் சொன்னதில் ஏகப்பட்ட பிழை, வாக்கியம் பாதியில் பாதியில் நின்றது, அதையெல்லாம் நான்தான் சரி பண்ணினேன். சொன்னது அவர் சார். எழுதியது மட்டும்தான் நான். நோட்டு பைக்குள்தான் இருந்தது, என் மடிமேல். எடுத்துக் காட்டியிருப்பேன். என்னை யாரும் கேட்கவில்லையே.

கேட்டது ஒரே ஒருவர். அஞ்சாப்புலி மனைவி, தனபாக்கியம் அக்கா. கடலூர் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்தார்கள், கையில் தூக்குப் பாத்திரம். கவுண்டர் கம்பி வழியாக முகத்தை வைத்து, "பாப்பா, ஒன்னயத்தான் நம்பி வந்துருக்கேன். நீதான் எல்லாத்தயும் எழுதி வெப்பியாமே. அது பீடி பிடிச்சுச்சா? நீ பாத்தியா?" என்று கேட்டார்கள். வாயிலிருந்து வெற்றிலை வாசனை. பின்னால் மேனேஜர் சார் நிற்கிறார், கடலை மெல்லுகிற சத்தம் என் பிடரியில் கேட்கிறது. "கவுண்டர்ல கூட்டமா இருந்துச்சுக்கா" என்றேன். அன்றைக்குக் கூட்டம் இருந்ததும் உண்மைதானே? எட்டு மணிக்கு மேல் நல்ல கூட்டம். "சரி பாப்பா, நீ என்னா பண்ணுவ" என்று போய்விட்டார்கள். கம்பியில் அவர்கள் கை வைத்த இடம் பிசுபிசுவென்று இருந்தது. துடைத்தேன்.

இப்போது கேளுங்கள் இன்னும் கேவலத்தை. முதலாளி அந்தக் கடிதத்தை அப்படியே உங்கள் கம்பெனிக்கு அனுப்பிவிட்டார், பேட்டரி மாற்றிக் கேட்டு. நெருப்பு பட்டு வெடித்தால் வாரன்டி கிடையாது என்று உங்கள் ஆட்கள் சொன்னார்களாம். உடனே இன்று காலையில் மேனேஜர் சார் வந்து குழைகிறார். "ஏம்மா, இன்ஜினியர் வந்தா பீடின்னு வாயவே தொறக்காத. பத்த வெக்கலன்னு சொல்லு. ஒன் நோட்டுலகூட அப்படித்தானே இருக்குதாம், ஒண்ணாம் நம்பர் ஓட்டுறவன் எட்டிப் பாத்தானாம்." பதினெட்டு நாளாக இல்லாத நோட்டு இன்று வேண்டியிருக்கிறது! ஆனால் எனக்கு நல்லதாகப் போயிற்று. இன்றைக்கு உண்மையைச் சொல்ல அனுமதி கிடைத்திருக்கிறது. சொல்லிவிட்டேன். மனசு லேசாக இருக்கிறது. எழுதிக்கொள்ளுங்கள் சார். உப்புத் தண்ணீர், டேப் போட்ட சுவிட்ச், சாக விட்டு ஓட்டியது. பீடி இல்லை. அவரைத் திரும்ப எடுத்துவிடுவார்கள் இல்லையா? இந்த ரூமில் ஒரு மனுஷியாவது சரியாக இருந்தாள் என்று உங்களுக்காவது தெரியட்டும்.

என்ன சார் பார்க்கிறீர்கள்? பக்கமெல்லாம் உப்பியிருக்கிறதா? ஆமாம், ஒன்றாம் நம்பரும் இரண்டாம் நம்பரும் அன்றையிலிருந்து அப்படித்தான். வெடித்தது ஒன்றுதான், மீதி ஏழும் வயிறு வீங்கின மாதிரி நிற்கின்றன. மூன்றாம் நம்பர் மட்டும் ஒன்றும் ஆகவில்லை. சொன்னேனே, அது நல்லதாக அமைந்தது.

அதுவா? அது சந்தனம். பூஜைக்கு வைத்தது, காய்ந்து இறுகிவிட்டது. நகத்தால் சுரண்டாதீர்கள், குச்சி தருகிறேன். மேனேஜர் வீட்டம்மா அரைத்துக் கொடுத்த சந்தனம், நல்ல கெட்டி. "பொம்பளப் புள்ள கையால வெச்சா லட்சுமிகரமா இருக்கும்" என்று கிண்ணத்தை என்னிடம்தான் கொடுத்தார்கள். ஒரு மூடிக்கு ஒரு பொட்டு. பேட்டரிக்கு ஆறு மூடி, மொத்தம் எழுபத்திரண்டு. மூடிக்கு நடுவில் சின்னதாக ஒரு குழி இருக்கிறதே, அதில் மோதிர விரலால் அழுத்தி, அதன்மேல் குங்குமம். கொஞ்சம்கூடக் கோணவில்லை பாருங்கள். பதினெட்டு நாள் ஆகியும் ஒன்றுகூட உதிரவில்லை.

இல்லை சார், மூன்றாம் நம்பருக்கு நான் வைக்கவில்லை. அது அவர் வைத்தது. தன் படகுக்குத் தானே வைக்கிறேன் என்று கிண்ணத்துக்குள் அந்தக் கையை விட்டுவிட்டார். எல்லாம் ஓரத்தில், கோணல் மாணலாக, ஒன்றுகூட நடுவில் இல்லை. எனக்குப் பார்க்கவே பிடிக்கவில்லை. என்னிடமும் சொன்னார், "நடுவுல வேணாம் பாப்பா, அதுக்கு மூச்சு வுடணும்ல" என்று. அவர் எதைத்தான் ஒழுங்காகச் செய்தார்? அவர் வைத்ததையும் அழித்துவிட்டு நடுவில் திருத்தி வைக்கலாம் என்றுதான் போனேன். சந்தனம் தீர்ந்துவிட்டது.

ஏன் சார் எழுதாமல் உட்கார்ந்திருக்கிறீர்கள்?

கையேட்டில் சந்தனம் வைக்கக் கூடாது என்று எங்கேயும் இல்லை. நான் மூன்று தடவை படித்திருக்கிறேன். மூடியைச் சுத்தமாக வைத்திருக்கவும் என்றுதான் இருக்கிறது. வாயு போகிற துளை அடையாமல் பார்த்துக்கொள்ளவும் என்றா? எந்தப் பக்கம்? பதிமூன்றா?

பதிமூன்று இல்லை சார். பதிமூன்றும் பதினான்கும் வடைக்குப் போய்விட்டது. அதற்கு முன்னால் படித்தேனா? படித்தேன். மூன்று தடவையும் படித்தேன்.

துளை என்றுதான் போட்டிருந்தது. இது குழி மாதிரி இருந்தது.

சார், ஒன்று கேட்கலாமா. அந்தக் கடிதத்தில் பீடி என்று ஏற்கெனவே எழுதியாகிவிட்டது அல்லவா. நான்கு பேர் கையெழுத்து இருக்கிறது. உங்களுக்கும் அதனால் நஷ்டம் இல்லை, வாரன்டி கொடுக்க வேண்டியதில்லை. அவர் எப்படியும் பீடி பிடிக்கிறவர்தான். அன்றைக்குப் பற்ற வைக்கவில்லை, அவ்வளவுதான். அது அப்படியே இருந்துவிட்டுப் போனால்... சும்மா கேட்கிறேன். நான் நோட்டை உள்ளே வைத்துவிடுகிறேன்.

இல்லை, இல்லை. நீங்கள் முகத்தை அப்படி வைத்துக்கொள்ளாதீர்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. நீங்கள் பார்த்ததை நீங்கள் எழுதுங்கள்.

யாரை? அஞ்சாப்புலியையா? அவர் வாயால் கேட்க வேண்டுமா? அவருக்கு என்ன தெரியும் சார். சரி. சரி, கேளுங்கள். ஆனால் நீங்களே கூப்பிட்டுக்கொள்ளுங்கள். என் குரல் அவ்வளவு தூரம் போகாது.